கேள்வி வரும்வரை பொறுத்திருந்த பேச்சியம்மாள்

செய்தி திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு வந்தது. ஒரகடம் கூட்டுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கோடு மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அழைத்தவர் செல்வராணி. குன்றத்தூரில் பேச்சியம்மாளோடு ஒரே வாடகை வீட்டில் தங்கியிருந்தவர். "அண்ணே, பேச்சி போயிட்டாண்ணே" என்றார். வியாழக்கிழமையிலிருந்து காய்ச்சல் என்று விடுப்பில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை மூச்சு வாங்கியதும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். திங்கள் காலை ஏழு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்திரண்டு வயது.

அவரை அறிந்த நண்பர்களே, ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தக் கணத்தில் எனக்குத் துக்கம் வரவில்லை, பயம்தான் வந்தது. பேச்சியின் முகம் நினைவுக்கு வருவதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை நான் செய்த ஒரு காரியம் நினைவுக்கு வந்தது. அதைச் செய்த துணிச்சலில் சனிக்கிழமை நான் போட்டுவிட்டு வந்த கம்ப்யூட்டர் நிரல், அந்த நேரம் வல்லம் வடகாலில் ஓர் ஆலையில், தகடு அழுத்தும் ஒரு பிரஸ் இயந்திரத்தின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் எதிரே ஒரு மனிதர் நின்றுகொண்டிருப்பார். பின்னாலிருந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அலுவலகத்துக்குப் போகாமல் வண்டியை வல்லம் வடகாலுக்குத் திருப்பினேன்.

நான் என்ன செய்தேன் என்பது விளங்க வேண்டுமானால், பேச்சி என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகம் படப்பை போகும் சாலையில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது. பதினோரு பேர். சுற்றியுள்ள ஆலைகளுக்குச் சின்னச் சின்ன நிரல்கள் எழுதிக் கொடுப்பது பிழைப்பு. படமும் பொத்தானும் உள்ள நிரல்கள் அல்ல. கறுப்புத் திரையில் எழுத்து வரும், கேள்வி கேட்கும், விசைப்பலகையில் பதிலைத் தட்ட வேண்டும். கமாண்ட் லைன் என்பார்கள். நான் அதை ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு வேறெதுவும் உருப்படியாகத் தெரியாது. நான் எழுதியது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிப்பது பேச்சியின் வேலை. ஆறு வருடங்கள் நாங்கள் இருவரும் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து சண்டை போட்டோம்.

அவர் முதன்முதலில் நேர்காணலுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து, ஒரு செல்போன் ஆலையில் நான்கு வருடம் லைனில் நின்றவர். ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்தே தபால் வழியில் பி.சி.ஏ. முடித்திருந்தார். நான் எழுதிய நிரல் ஒன்றைத் திறந்து, "இதுல தப்பு எங்க இருக்குன்னு பாரும்மா" என்றேன். மற்றவர்கள் எல்லோரும் உள்ளே எழுதியிருக்கும் கோடிங்கைக் காட்டச் சொல்வார்கள். இவர் கேட்டது, "இத யாரு தட்டுவா அண்ணாச்சி?"

"ஆப்பரேட்டருங்கதான்."

"உக்காந்துக்கிட்டா, நின்னுக்கிட்டா?"

அதை நான் யோசித்ததே இல்லை. "நின்னுகினுதான் தட்டுவாங்க" என்றேன். உடனே எழுந்து நின்றார். பக்கத்தில் ஓர் இயந்திரம் இருப்பது போலத் தலையைத் திருப்பி, இடது முழங்கையை விசைப்பலகையில் ஊன்றினார். திரையில் சரசரவென்று பிழைச் செய்தி ஓடி, நிரல் விழுந்தது. "ஐயையோ, செத்துப்போச்சுல்லா" என்று அவரே மிரண்டுபோய்க் கையை எடுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாருக்குத்தான் வராது? ஆனாலும் அன்றைக்கே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டோம்.

அப்போது என்னிடம் இருநூறுக்கும் மேல் டெஸ்ட்கள் இருந்தன. நிரலின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, இதைக் கொடுத்தால் அது வருகிறதா என்று கேட்பவை. எல்லாம் பச்சை, அதாவது தேறியவை; தவறினால் சிவப்பு வரும். பெருமையாகக் காட்டினேன். பேச்சி பொறுமையாகப் பார்த்துவிட்டு, "பரீட்ச எழுதினவங்ககிட்டயே பேப்பரத் திருத்தக் குடுத்திருக்கிய அண்ணாச்சி" என்றார். அன்றைக்கு மதியம் நான் அவரோடு பேசவில்லை.

அவர் எழுதிய டெஸ்ட்களின் வழி வேறு. நிரலின் உள்ளே எட்டியே பார்க்க மாட்டார். ஆலையில் ஓடுவது போலவே முழு நிரலையும் தனியாக ஓடவிடுவார். எதிரே நிஜத் திரை இருப்பதாக நிரல் நம்பும்படி ஒரு போலித் திரையைக் கொடுப்பார். கேள்வி திரையில் வரும்வரை காத்திருப்பார். வந்ததும் ஒரு விசை. அடுத்து என்ன தெரிகிறது என்று படிப்பார். பிறகு இன்னொரு விசை. கடைசியில் நிரல் முடிகிறபோது என்ன எண்ணைச் சொல்லிவிட்டு முடிகிறது, டிஸ்கில் எந்தக் கோப்பை எழுதிவைத்திருக்கிறது என்பதுவரை பார்ப்பார். முதலிலிருந்து முடிவுவரை, ஒரு ஆப்பரேட்டர் செய்வது எதுவோ அது மட்டும்தான். அவரைப் பார்த்து நானும் அப்படி ஒரு டெஸ்ட் எழுதினேன், ஆனால் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் எல்லாப் பதில்களையும் ஒரே மூச்சில் நிரலுக்குள் கொட்டிவிட்டேன். வேகமாக ஓடியது. பேச்சி அதை அழித்துவிட்டார். "கேள்வி வாரதுக்கு முன்னாடி சொன்னா அது பதில் இல்ல அண்ணாச்சி, வாய்ப்பாடு" என்றார்.

இன்னொரு நாள் வேண்டுமென்றே எழுத முடியாத ஃபோல்டர் ஒன்றைக் கொடுத்து என் நிரலை ஓட்டினார். கோப்பு எழுதப்படவில்லை. ஆனால் என் நிரல் 'வெற்றி' என்று திரையில் போட்டுவிட்டு, பூச்சியம் என்ற எண்ணோடு முடிந்தது. பூச்சியம் என்றால் எல்லாம் நலம் என்று அர்த்தம். வேறு எண் வந்தால்தான் கோளாறு. பேச்சி என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"வாய் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு செய்யுது. எங்க ஊர்ல இதுக்கு ஒரு பேரு உண்டு. உங்க ஊர்ல என்ன சொல்லுவிய?"

"பொய்யுன்னு சொல்வோம்."

"நான் சொல்லல. நீங்கதான் சொன்னிய" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை உங்களில் பலர் வாங்கியிருப்பீர்கள்.

நான் மணிமங்கலத்துக்காரன். ஏரிக்கரையில் பாம்புகளோடு வளர்ந்தவன் என்று அலுவலகத்தில் பீற்றிக்கொள்வேன். பேச்சியைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வேன். அது உண்மையும்கூட. இடிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், ரிவர்ஸ் எடுக்கும் கம்பெனி பஸ்ஸுக்குப் பயம். எல்லா டெஸ்டும் பச்சையாக ஓடிவிட்டால் அதைவிடப் பயம். "இன்னா பேச்சி, பச்சைக்குக் கூடவா பயப்படுவாங்க?" என்று ஒரு நாள் டீக்கடையில் கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். பழைய ஆலையில் அவருக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு இரண்டு விரல்கள் போயிருக்கின்றன. எந்த விளக்கும் சிவக்கவில்லை, எந்த மணியும் அடிக்கவில்லை.

"மிஷினு கோவப்படல அண்ணாச்சி. நிக்கவும் இல்ல. அவ கத்துதா, அது பாட்டுக்கு அடுத்த பீஸ எடுத்துச்சு. அதான் எனக்குப் பயம்."

அதற்குப் பிறகு டீயைக் குடித்து முடித்துவிட்டு, காராச்சேவு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார். நான் அவரைக் கேலி செய்வதை அன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

இப்போது வல்லம் வடகால் ஆலையின் கதை. அது இரும்புத் தகட்டை அழுத்திக் கார் பாகங்களாக்கும் ஆலை. இயந்திரத்துக்குள் வைக்கும் இரும்பு அச்சை அங்கே டை என்பார்கள். ஒரு பாகம் முடிந்து அடுத்தது தொடங்கும்போது டையை மாற்ற வேண்டும். புதிய டையைச் சுமந்துகொண்டு ஒரு பெரிய மேசை தண்டவாளத்தில் இயந்திரத்துக்குள் நகரும். நகருமுன் எங்கள் நிரல் மூன்று கேள்விகள் கேட்கும். பழைய டையை எடுத்தாயிற்றா? புதிய டையின் எண் சரிதானா? உள்ளே யாரும் இல்லையே? மூன்றுக்கும் பதில், ஆம் என்பதற்கான 'ஒய்' என்ற ஒரே விசை. மூன்றாவது ஒய் விழுந்ததும் மேசை கிளம்பிவிடும். வேறு பாதுகாப்புகளும் இருக்கின்றன. ஆனால் டை மாற்றுகிற நேரத்தில் அவற்றில் சிலவற்றைத் திறந்துதான் வைத்திருப்பார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு பேச்சி அங்கே போய், முதல் ஷிப்ட் முழுக்க, ஆறு மணியிலிருந்து இரண்டு மணிவரை, அந்தத் திரையின் பக்கத்தில் நின்றார். நானும் கூட இருந்தேன். ஆப்பரேட்டர் பெயர் ஏழுமலை. அந்த ஊரிலேயே பிறந்தவர், வீட்டிலிருந்து நடந்தே ஷிப்டுக்கு வருகிறவர். பேச்சி அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவருக்குக் கூச்சம் வந்துவிட்டது. "இன்னா மேடம், கையையே பாத்துகினு கீறீங்க? ஜோசியம் எதுனா தெரியுமா?" என்றார்.

பேச்சி பார்த்தது இதுதான். அந்தப் பழைய கம்ப்யூட்டர் மெதுவானது. ஒவ்வொரு கேள்வியும் வருவதற்கு நேரம் எடுக்கும். ஏழுமலை டையின் பக்கம் எல்லாம் முடித்துவிட்டு வந்து, முதல் கேள்வி வருமுன்பே டக் டக் டக் என்று மூன்று ஒய்யைத் தட்டிவிட்டு, கிரேன் ஓட்டுகிறவரைக் கூப்பிடத் திரும்பிவிடுவார். தட்டிய மூன்றும் கம்ப்யூட்டருக்குள் வரிசையில் காத்திருந்து, கேள்விகள் வரவர ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். "கேள்வி இன்னான்னுதான் தெரியுமே மேடம், டெய்லி அதே மூணுதான்" என்றார் அவர். அதாவது, உள்ளே யாரும் இல்லையே என்று திரை கேட்கும்போது அதைப் படிக்க யாருமே இருக்க மாட்டார்கள். பதில் மட்டும் முன்கூட்டியே வந்து காத்திருக்கும். அந்த இடைவெளியில் யாராவது உள்ளே கால் வைத்தால்? பேச்சியின் முகம் வெளுத்துப்போனது.

நிரலைத் திருத்தினேன். முதல் இரண்டு கேள்விகளுக்கு முன்கூட்டித் தட்டினால் தட்டட்டும். மூன்றாவது கேள்வி வரும்போது மட்டும், அதுவரை வரிசையில் நின்ற தட்டல்கள் எல்லாவற்றையும் நிரல் தூக்கிப் போட்டுவிடும். கேள்வி கண்ணுக்குத் தெரிந்த பிறகு தட்டினால்தான் கணக்கு. பேச்சி அதற்கு ஒரு டெஸ்ட் எழுதினார். அந்தந்தக் கேள்வி வருமுன்பே, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடைவெளி விட்டு மூன்று ஒய்யைத் தட்டுவார், மேசை நகராமல் நிரல் மூன்றாவது கேள்வியில் நிற்கிறதா என்று பார்ப்பார். தன் டெஸ்ட்களுக்கு ஆட்களின் பெயரை வைப்பது அவர் வழக்கம். இதற்கு 'ஏழுமலை அவசரத்தில் இருக்கிறார்' என்று பெயர் வைத்தார். இரண்டு வருடங்கள் அது ஒரு நாளும் தவறாமல் பச்சையாக ஓடியது.

போன மாதம் அதே நிரலில் நான் கொஞ்சம் கை வைத்தேன். ஒவ்வொரு டை மாற்றத்துக்கும் நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும் என்று ஆலை கேட்டிருந்தது. எழுதி முடித்தேன். ஏழுமலை டெஸ்ட் சிவந்தது. மறுபடி ஓட்டினேன், பச்சை. எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் உள்ள வியாதி இது. சிவந்தால் இன்னொரு முறை ஓட்டு, பச்சையானால் வீட்டுக்குக் கிளம்பு. டெஸ்ட் ஆடுகிறது என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறோம். பேச்சி இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். ஆனால் அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். சனிக்கிழமை ஆலையில் நிரலைப் போட்டாக வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் அவருக்குப் போன் செய்தேன்.

"உன் ஏழுமலை டெஸ்ட் ஆடுதும்மா. முப்பது வாட்டி ஓட்டுனா ஒரு வாட்டி செவக்குது."

"டெஸ்ட் ஆடுதா, புரோகிராம் ஆடுதா?" குரல் கம்மியிருந்தது.

"டெஸ்ட்தான்."

"எப்படித் தெரியும்?"

அவர் இருமிவிட்டுத் தொடர்ந்தார்.

"ஸ்கிப் போட்டுறாதிய அண்ணாச்சி. திங்கக்கெழம வந்துருவேன். வந்து பாக்கேன்."

"சரிம்மா. நீ உடம்பப் பாத்துக்கோ" என்றேன்.

போனை வைத்துவிட்டு, அந்த டெஸ்டின் முன்னால் ஸ்கிப் என்று போட்டேன். அந்த டெஸ்டைத் தாண்டிப் போய்விடு என்று அதற்கு அர்த்தம். எல்லாம் பச்சையாகிவிட்டது. சனிக்கிழமை மதியம் ஆலையில் நிரலைப் போட்டுவிட்டு வந்து, நிம்மதியாக மீன் குழம்பு சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை ஆலை வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாதுகாப்பு ஷூ கொடுத்தார்கள். பிரஸ் ஓடினால் நடைபாதையிலேயே காலுக்கடியில் தரை அதிரும். அன்று அதிரவில்லை. அந்த அமைதியில் இருநூறு அடி நடந்தேன். இயந்திரம் நின்றிருந்தது. அதன் எதிரே ஒரு பெஞ்சில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தேன். பத்து விரல்களையும் எண்ணினேன்.

பக்கத்தில் சூப்பர்வைசர் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு நின்றார். மேசைக்கும் இயந்திரத்தின் சுவருக்கும் நடுவே ஒரு துடைக்கிற துணி நசுங்கிப் பாதி வெளியே தெரிந்தது. ஏழுமலை நடந்ததைச் சொன்னார்.

"மேடம் அன்னிக்கி மூணாவது கேள்விக்கு பூட்டு போட்டுட்டுப் போனாங்க இல்ல, அதுலேர்ந்து நான் ரெண்டு தட்டிட்டு உள்ள பூந்து தொடச்சிட்டு வந்துடுவேன் சார். மூணாவது கேள்வி எப்படியும் எனக்கோசரம் நின்னுகினு இருக்கும். டைம் மிச்சம். இன்னிக்கி உள்ள கீறேன், மேசை வருது. பக்கத்து லைன்ல ஒருத்தர் எமர்ஜென்ஸி பட்டன அடிச்சாரு. இல்லாங்காட்டி..."

பேச்சிக்கும் எனக்கும் தெரியாத ஒன்று இது. பேச்சி போட்ட பூட்டை நம்பி, இந்த மனிதர் இரண்டு வருடங்களாகத் தினமும் இயந்திரத்துக்குள் போய்வந்திருக்கிறார். முன்பெல்லாம் துடைத்து முடித்துவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தவர், அந்தப் பூட்டு வந்த பிறகுதான் தட்டிவிட்டு உள்ளே போக ஆரம்பித்திருக்கிறார். நான் அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டு, அது கழன்றதைச் சொல்லக்கூடிய ஒரே டெஸ்டின் வாயையும் கட்டிப்போட்டிருக்கிறேன்.

"ரெண்டுதான் தட்னேன்னு நெனச்சிகினு கீறேன். பழைய பழக்கம், உள்ள திரும்பசொல்ல மூணாவதும் வுழுந்துச்சோ இன்னாவோ. தப்பு என்னுதுதான் சார்" என்றார் ஏழுமலை. சூப்பர்வைசர் நோட்டை நீட்டினார். 'ஆப்பரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தது. கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

நண்பர்களே, நான் கோழை. அந்த இடத்தில் எனக்குத் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். அந்த டெஸ்ட் எதைக் கேட்கிறது, அது சிவந்தது, அதை நான் தாண்டிப் போகச் சொன்னேன் என்பதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் காலை ஏழு மணிக்குப் போய்விட்டார். எனக்கு ஒரு குழந்தை இருக்கிறது, வேலை வேண்டும். ஏழுமலை பேனாவை எடுத்துவிட்டார். அப்போது எனக்குள் இரண்டு பயங்கள் இருந்தன. மாட்டிக்கொள்வோமோ என்பது ஒன்று. மாட்டிக்கொள்ளாமலே தப்பித்து, அடுத்த முறையும் இப்படியே செய்வேனோ என்பது இன்னொன்று. இரண்டாவது பயம் என்னுடையது அல்ல. ஆறு வருடம் எதிர் மேசையில் இருந்தவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

"கையெழுத்து போடாதீங்க" என்றேன். "நீங்க நாலு வாட்டி தட்டியிருந்தாலும் அது நின்னிருக்கணும். நிக்காம போனது என்னாலதான். செவப்பு காட்டுன டெஸ்ட நான் நிறுத்தி வச்சேன்."

"சார், யோசிச்சுப் பேசுங்க" என்றார் சூப்பர்வைசர். "நான் எழுதிட்டா எழுதுனதுதான்."

"எழுதுங்க" என்றேன். அவர் முதல் வரியை அடித்துவிட்டு எழுதினார். அடியில் நான் கையெழுத்துப் போட்டேன்.

ஏழுமலை என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். அவர் கேட்டது வேறு. "மேடத்துக்குத் தெரியுமா சார், நீங்க இத்த நிறுத்துனது?"

அப்போதுதான் அவருக்குச் செய்தியைச் சொன்னேன். அவர் எழுந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். "தெரியாமலே பூட்டாங்களா?" என்றார். பிறகு மெதுவாக, "நல்லதுதான் சார்" என்றார். அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. இயந்திரத்தின் எதிரே, சூப்பர்வைசர் பார்க்க, நின்று அழுதேன்.

அன்று பழைய நிரலைத் திரும்பப் போட்டுவிட்டு அலுவலகம் வந்தேன். ஸ்கிப்பை எடுத்தேன். டெஸ்டை முப்பது, அறுபது, நூறு முறை ஓட்டினேன். காரணம் மதியம் கிடைத்தது. மூன்றாவது கேள்விக்கு முன்னால் பழைய தட்டல்களை நிரல் தூக்கிப் போடுகிறது, சரி. ஆனால் நான் நேரம் குறிக்கும் வேலையைச் சேர்த்தபோது, தூக்கிப் போட்டதற்கும் கேள்வியைக் காட்டுவதற்கும் நடுவே அதைச் செருகிவிட்டேன். பெரும்பாலும் அது கண்சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். எப்போதாவது இழுக்கும். இழுத்தால், அந்தச் சந்தில் விழுகிற தட்டல் உள்ளே நுழைந்துவிடும். ஆடியது டெஸ்ட் அல்ல. ஒரு வரியை இடம் மாற்றியதும் சரியாகிவிட்டது. அதற்குள் பேச்சியை வேனில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் முதலாளி நல்லவர். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. "ஆலையில் சொன்னது சரி, அஞ்சலிக் கட்டுரையில் இதையெல்லாம் எழுத வேண்டுமா?" என்று மட்டும் கேட்டார். பேச்சியைப் பற்றி எழுதிவிட்டு இதை விட்டால், அன்று பொய் சொன்ன என் நிரலைப் போலவே நானும் 'வெற்றி' என்று போட்டுவிட்டு முடிவேன். எழுதத்தான் வேண்டும்.

பேச்சியின் நோட்டுப் புத்தகங்களைச் செல்வராணி கொண்டுவந்து கொடுத்தார். அவற்றைப் பேச்சியின் அம்மாவுக்கு அனுப்பிவைத்துவிட்டேன். நான் வைத்துக்கொண்டிருப்பது பேச்சியின் பயம் ஒன்றைத்தான். அது சுகமான சொத்து இல்லை. சாப்பிடும்போது வருகிறது, சிக்னலில் நிற்கும்போது வருகிறது. போன வாரம் ஆலைக்குப் போயிருந்தேன். மேசை ஓரத்தில் யாரும் உள்ளே போகக் கூடாது என்று சுவரில் புதிதாகத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். ஏழுமலை அதன் கீழே நின்று இரண்டு முறை தட்டிவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு உள்ளே நுழையப் போனார்.

"போகாதீங்க" என்று கத்தினேன். "பயமா இல்லையா உங்களுக்கு?"

"அதான் நீங்க சரி பண்ணிட்டீங்களே சார்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

அவர் துடைத்து முடித்து, இரண்டு கால்களும் வெளியே வந்து சேரும்வரை, எமர்ஜென்ஸி பட்டனின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன்.